கிரேவன் காட்டேஜ்: தூண் மறைத்தாலும் மர இருக்கைதான்

#1 · கடைசிபெஞ்ச்

"லண்டன் போகிறேன், எந்த ஸ்டேடியம் பார்க்கலாம்?" என்று மாதம் ஒருவராவது இங்கே கேட்கிறார். பதிலும் அச்சு மாறாமல் வரும். எமிரேட்ஸ் போ, ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் போ, டூர் டிக்கெட் எடு, கோப்பை பக்கத்தில் நின்று படம் எடு, கடையில் ஜெர்சி வாங்கு. போன மார்ச்சில் வேலை விஷயமாகப் போயிருந்தேன். எனக்கென்று கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அதை ஃபுல்ஹாம் கால்பந்து கிளப்பின் மைதானமான கிரேவன் காட்டேஜில் செலவழித்தேன். நான் ஃபுல்ஹாம் ரசிகன் இல்லை. அன்றைய ஆட்டமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லண்டன் மெட்ரோவின் டிஸ்ட்ரிக்ட் லைனில் பட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கினேன். வழி கேட்க வேண்டியதே இல்லை. கறுப்பு வெள்ளை மஃப்ளர் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தால் போதும். பிஷப்ஸ் பார்க்குக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் தேம்ஸ் ஆறு. வலது பக்கம் லண்டன் பிஷப்புகள் 1973 வரை குடியிருந்த ஃபுல்ஹாம் அரண்மனை. மேட்ச்சுக்குப் போகிற கூட்டம் மாதிரியே தெரியவில்லை, சாயங்காலம் காற்று வாங்கப் போகிறவர்கள் மாதிரி போகிறார்கள். பூங்கா முடிந்தால் ஸ்டீவனேஜ் ரோடு. ஒரு பக்கம் வரிசையாகக் குடியிருப்பு வீடுகள், வாசலில் சைக்கிள், ஜன்னலில் பூந்தொட்டி. எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு சிவப்புச் செங்கல் சுவர். அந்தச் சுவர்தான் ஸ்டேடியம் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. பழைய காலத்து மில் என்றுதான் நினைத்தேன்.

சுவரில் சின்னச் சின்ன வாசல்கள், உள்ளே இரும்புச் சுழல்கதவு. தோளைச் சாய்த்துத்தான் நுழைய வேண்டும். 1905-ல் கட்டும்போது லண்டன்காரர்கள் நம்மைப்போல் மூன்று வேளை சாப்பிட்டிருக்க மாட்டார்கள் போல. படியேறி மேலே வந்தால் ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்ட். பின் வரிசைகளில் மர இருக்கைகள். 1908-லிருந்து இருப்பவை என்கிறார்கள். மடக்கி விரிக்கிற பலகை. எத்தனையோ தலைமுறை தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கிறது. முட்டி முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும். கோல் வாய்ப்பு வந்து எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் பலகைகள் படபடவென்று மடங்குகிற சத்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போகும். பிளாஸ்டிக் இருக்கையில் இந்தச் சத்தம் கிடையாது.

என் இருக்கைக்கும் வலது பக்க கோலுக்கும் நடுவே ஒரு இரும்புத் தூண். கோல்கீப்பர் பாதி நேரம் காணாமல் போய்விடுவார். முதல் பத்து நிமிஷம் எரிச்சலாக இருந்தது. பிறகு பக்கத்திலிருந்த பெரியவரைக் கவனித்தேன். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், யோசிக்காமலே, ஒரு சாண் இடது பக்கம் சாய்கிறார். பந்து திரும்பினால் நிமிர்கிறார். கூட்ட நாளில் கோயில் தூணுக்குப் பின்னால் நின்று சாமி பார்க்கிறவர்கள் தலையை நீட்டுவார்களே, அதேதான். இடைவேளைக்குள் எனக்கும் பழகிவிட்டது.

அப்புறம் அந்தக் காட்டேஜ். ஸ்டாண்டுக்கும், கோலுக்குப் பின்னால் இருக்கிற பட்னி எண்டுக்கும் நடுவே மூலையில், மேல்மாடி பால்கனியோடு, நம்ம ஊர் டிராவலர்ஸ் பங்களா மாதிரி நிற்கிறது. வீரர்கள் உடை மாற்றுவது அதற்குள்தான். மற்ற மைதானங்கள்போல் பக்கவாட்டின் நடுவிலிருந்து வராமல் மூலையிலிருந்து நடந்து வருகிறார்கள். பால்கனியில் அவர்கள் வீட்டு ஆட்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் வீட்டு வாசல்படி இறங்கி வேலைக்குப் போகிறமாதிரி வருகிறார்!

என் கட்சி இதுதான். பழைய ஸ்டேடியத்தை டூரில் பார்க்காதீர்கள், ஆட்ட நாளில் பாருங்கள். அதிலும் அந்த மர இருக்கையில். தூண் மறைத்தாலும் சரி.


#2 · ஆன்ஃபீல்ட்தாசன்

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனால் வரலாறு என்றால் ஜெயித்த வரலாறு வேண்டாமா? ஃபுல்ஹாம் இதுவரை ஒரு பெரிய கோப்பைகூட வாங்கியதில்லை. 1975 எஃப்.ஏ. கப் ஃபைனலில் வெஸ்ட் ஹாமிடம் தோல்வி, 2010 யூரோப்பா லீக் ஃபைனலில் அட்லெட்டிகோ மாட்ரிட்டிடம் தோல்வி. அலமாரியே காலி. மர நாற்காலிக்காக ஒரு சனிக்கிழமையைக் கொடுப்பதற்கு அன்றே லிவர்பூலுக்கு ரயில் ஏறியிருக்கலாம்.


#3 · கடைசிபெஞ்ச்

ஏறியிருக்கலாம்தான். உங்கள் லிவர்பூல் ஆடுகிற ஆன்ஃபீல்டில் அன்றைக்கு டிக்கெட் நீங்கள் வாங்கிக் கொடுத்திருப்பீர்களா?


#4 · ஆன்ஃபீல்ட்தாசன்

😄 அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீங்க.


#5 · செங்கல்சிமென்ட்

நான் சிவில் இன்ஜினியர், அதனால் பந்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறேன். தாசன், உங்கள் ஆன்ஃபீல்டின் பழைய ஸ்டாண்டும், கோலுக்குப் பின்னால் இருக்கிற 'கோப்' (Kop) ஸ்டாண்டும், கடைசிபெஞ்ச் உட்கார்ந்த ஸ்டாண்டும் ஒரே ஆள் கைவேலை. ஆர்ச்சிபால்ட் லீட்ச், கிளாஸ்கோக்காரர். ஓல்ட் டிராஃபர்ட், வில்லா பார்க், குடிசன் பார்க், ஹைபரி, ஒயிட் ஹார்ட் லேன், ஐப்ராக்ஸ் என்று இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்களில் அவர் கை இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டோ அடையாளம் தெரியாமலோ போய்விட்டன. ஃபுல்ஹாமில்தான் ஒரு முழு ஸ்டாண்டும் அதோடு சேர்ந்த பெவிலியனும் அப்படியே உழைத்துக்கொண்டிருக்கின்றன.

இவர் பெயர் முதலில் அடிபட்டது நல்ல காரணத்துக்கு இல்லை. 1902 ஏப்ரல் 5, கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். பின்பக்கம் உயரமான மரப் படிக்கட்டு, கீழே இரும்புச் சட்டம். கூட்டம் தாங்காமல் பலகை முறிந்து ஆட்கள் அந்த ஓட்டை வழியாக விழுந்தார்கள். 25 பேர் செத்தார்கள், காயம் நூற்றுக்கணக்கில். அதை வடிவமைத்தவர் லீட்ச். அதோடு அவர் தொழில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ரேஞ்சர்ஸ் கிளப்பே மைதானத்தைத் திருத்திக் கட்டும் வேலையை மறுபடி அவரிடம்தான் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தரத்தில் நிற்கும் மரப் படிக்கட்டுகள் போய், கெட்டியான மண்மேட்டின் மேல் படிக்கட்டு, நெரிசலைத் தடுக்கும் இரும்புக் கம்பிகள் என்று மைதானம் கட்டும் முறையே மாறியது.

ஃபுல்ஹாம் கதைக்கு வருவோம். அங்கே 1780-ல் ஒரு பிரபு கட்டிய காட்டேஜ் இருந்தது. 1888-ல் அது எரிந்துபோனது. பெயர் மட்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இப்போது நிற்பது அந்தக் காட்டேஜ் இல்லை, லீட்ச் கட்டிய பெவிலியன். பலருக்கும் இது தெரியாது. 1896-ல் கிளப் அங்கே ஆடத் தொடங்கியபோது இருந்த ஸ்டாண்டை 'முயல் கூண்டு' என்று கேலி செய்வார்கள். பாதுகாப்பு இல்லை என்று லண்டன் கவுன்டி கவுன்சில் கேஸ் போட, 1905-ல் லீட்சைக் கூப்பிட்டார்கள். செலவு 15,000 பவுண்டு. அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை.

அதே சமயத்தில் இன்னொரு பேரம் நடந்தது. பக்கத்தில் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் மைதானத்தை வைத்திருந்தவர், வருஷம் 1,500 பவுண்டு வாடகைக்கு வருகிறாயா என்று ஃபுல்ஹாமைக் கேட்டார். வாடகை அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். மைதானம் காலியாகக் கிடக்கக் கூடாதே என்று அவர் சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார். அதுதான் செல்சீ.


#6 · நீலக்கண்ணன்

செல்சீ ரசிகனாக இதற்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். வாடகை பேரம் படியாததால் பிறந்த பிள்ளை நாங்கள்.


#7 · கொழுந்து

செங்கல்சிமென்ட் அண்ணே, ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. லீட்ச் மைதானம் கட்டப் போகும் முன்னே தொழிற்சாலை வடிவமைக்கிறவர். அவருடைய ஆரம்பகால வேலைகளில் எங்கட இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் உண்டு.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போ லண்டனுக்குப் பக்கத்தில். முதல் தடவை ஹெய்ன்ஸ் ஸ்டாண்டுக்குள்ளே போனபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. ஆனால் தலையை நிமிர்த்திப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆயிட்டுது. மெல்லிய இரும்புத் தூண் வரிசை, மேலே சரிந்த கூரை, காலடியில் பலகை. எங்கட தோட்டத்துப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடி இப்படித்தான் இருக்கும். நீளமான மாடி, இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல், நடந்தால் பலகை முனகும். சின்ன வயதில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் எட்டிப் பார்ப்போம், கணக்கப்பிள்ளை விரட்டுவார். கீழே மெஷின் ஓடுகிற பக்கம் ரோதைமுனிக்கு (மெஷின் சக்கரத்துக்குக் காவலாக எங்கட ஆட்கள் கும்பிடுகிற சாமி) ஒரு விளக்கு எரியும்.

எங்கட பெக்டரியை லீட்ச் கட்டினார் என்று நான் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எல்லாப் பெக்டரியும் ஏறக்குறைய ஒரே அச்சுதான். ஆனால் இது எனக்குப் பிறகு தெரிய வந்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அங்கே எங்கட ஆட்கள் கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்று நிறுவைக்குக் கொடுத்த கட்டடமும், இங்கே சனிக்கிழமை வேலை முடிந்து தொழிலாளி வந்து நின்ற கட்டடமும் ஒரே ஆளின் மேசையில் வரைந்ததாகவும் இருக்கலாம்.


#8 · செங்கல்சிமென்ட்

தம்பி, இது எனக்கு நிஜமாகவே தெரியாது. இனி அந்தச் சுவரை மில் என்று நினைத்ததற்காக கடைசிபெஞ்சை யாரும் கிண்டல் செய்ய முடியாது.


#9 · கடைசிபெஞ்ச்

கொழுந்து, இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கியிருக்கிறேன் போல. அந்தப் பலகை முனகுவது எனக்கும் கேட்டது, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை.


#10 · புதுப்பயணி

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபரில் லண்டன் வருகிறேன், முதல் தடவை. படித்ததும் இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். டிக்கெட் எப்படி? ஒரு வெப்சைட்டில் பார்த்தேன், 190 பவுண்டு போட்டிருக்கிறான். இதுதான் விலையா?


#11 · டூட்டிங்அக்கா

ஐயோ வேண்டாம்! இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாமல் மறுவிற்பனை செய்வது 1994-லிருந்து குற்றம். கச்சேரி டிக்கெட் மாதிரி இல்லை. நான் வந்த புதிதில் என் தம்பிக்காக இப்படி ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஆட்டத்தன்று காலை வரை 'அனுப்புகிறோம், அனுப்புகிறோம்'. மத்தியானம் வந்தது யாரோ ஒருவருடைய மெம்பர்ஷிப் கார்டு. வாசலில் பச்சை விளக்கு எரியவில்லை. வாசலில் நின்ற ஸ்டீவர்ட் மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் உள்ளே விடவில்லை. தம்பி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பணம் திரும்பி வர நாலு மாதம் ஆனது, அதுவும் பாதி.

கிளப்பின் சொந்தத் தளத்தில் மெம்பர்ஷிப் எடுங்க, அதில் வாங்குங்க. பெரிய அணி வருகிற ஆட்டத்தை விடுங்க, நடுத்தர அணி வரும் ஆட்டம் என்றால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆட்டத் தேதி டிவிக்காக மாறும், அதனால் ஊர் திரும்பும் விமானத்தை அடுத்த நாளே போடாதீங்க. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் கிடைத்தால் விடாதீங்க. அந்த நேரத்து ஆட்டத்தை பிரிட்டனில் டிவியில் நேரலையாகக் காட்ட மாட்டார்கள். ஆள் மைதானத்துக்கு வரவேண்டும் என்பதற்காக ரொம்ப காலமாக இருக்கிற ஏற்பாடு. அதனால் மூன்று மணிக் கூட்டமே தனி.

பெரிய பை கொண்டு போகாதீங்க, ஒரு ஏ4 தாள் அளவுக்கு மேல் இருந்தால் தகராறு. பியர் வாங்கினால் உள்கூடத்திலேயே குடித்துவிட வேண்டும், மைதானம் கண்ணில் படுகிற இடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது, சட்டம். சாப்பாடு... பட்னி ஸ்டேஷனில் இறங்கினால் பட்டினிதான். உள்ளே 'பை' (pie, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது) கிடைக்கும், மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்க. நான் பையில் இரண்டு இட்லியை மிளகாய்ப்பொடி தடவி டப்பாவில் கொண்டு போவேன், இதுவரை யாரும் தடுத்ததில்லை.


#12 · ஆன்ஃபீல்ட்தாசன்

இட்லி மிளகாய்ப்பொடியோடு பிரீமியர் லீக். நான் கட்சி மாறலாமா என்று யோசிக்கிறேன்.


#13 · ஆறுகரை

கொஞ்சம் கசப்பு கலக்கிறேன், மன்னிக்கவும். எதிர்ப்பக்கம் ஆற்றோரம் இருக்கிற ரிவர்சைட் ஸ்டாண்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? அங்கே 1970-களின் தொடக்கம் வரை கூரை இல்லாத படிக்கட்டுதான். அதை எடுத்து ஒரு ஸ்டாண்ட் கட்டினார்கள். அதையும் 2019-ல் இடித்துவிட்டு இப்போது நிற்கும் மாளிகையை எழுப்பினார்கள். ரெஸ்டாரன்ட், கூரையில் நீச்சல் குளம்! முழுக்கக் கட்டி முடிப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்து சீசன் டிக்கெட் 3,000 பவுண்டு வரை போனது. 2023-ல் ரசிகர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கிப் பிடித்து எதிர்ப்புக் காட்டினார்கள். மர இருக்கைக்காக உருகுகிற நாம், அந்த மர இருக்கையைக் காப்பாற்றுவதே எதிர்ப்பக்கத்து நீச்சல் குளத்துப் பணம்தான் என்பதையும் சொல்ல வேண்டாமா?


#14 · செங்கல்சிமென்ட்

பணம் ஒரு காரணம்தான். ஆனால் ஹெய்ன்ஸ் ஸ்டாண்டும் காட்டேஜும் 1987-லிருந்து பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், இரண்டாம் தரப் பட்டியலில். நினைத்தபடி இடிக்க முடியாது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நீச்சல் குளம் இரண்டு பக்கமும் வந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், புது ஸ்டாண்டோடு சேர்த்து ஆற்றங்கரையில் நடைபாதையும் விட்டிருக்கிறார்கள். டிக்கெட் இல்லாதவனும் நடக்கலாம். ஆக்ஸ்ஃபர்ட்–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி அந்த வழியாகத்தான் போகும்.


#15 · ஆறுகரை

நடைபாதையை ஒப்புக்கொள்கிறேன். 3,000-ஐ ஒப்புக்கொள்ள மாட்டேன்.


#16 · டூட்டிங்அக்கா

நானும்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எதிரே பழைய ஸ்டாண்டும் காட்டேஜும் அழகாகத் தெரியும் என்பதும் உண்மை. காசு கொடுத்தவனுக்குக் காட்சி, காசு இல்லாதவனுக்குத் தூண்.


#17 · பழையபேப்பர்

ஸ்டாண்டுக்குப் பெயர் வைத்த மனிதரை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஜானி ஹெய்ன்ஸ் 1952 முதல் 1970 வரை ஃபுல்ஹாமுக்கு மட்டும் 658 ஆட்டம் ஆடியவர். இங்கிலாந்துக்கு 56. அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி. அதை எதிர்த்துச் சங்கம் வைத்துப் போராடியவர் ஜிம்மி ஹில், அவரும் ஃபுல்ஹாம் ஆட்டக்காரர். 1961-ல் விதி போனது. ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தார்கள், நாட்டிலேயே முதல் ஆள். இன்றைக்கு அந்த வாசல்படி இறங்கி வருகிறவர்களின் கோடிகள் அந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான் தொடங்கின. ஸ்டீவனேஜ் ரோட்டில் அவர் சிலை இருக்கிறது, பந்தின் மேல் காலை வைத்தபடி. 1966 உலகக் கோப்பை வென்ற ஜார்ஜ் கோஹனுக்கும் ஒரு சிலை உண்டு.


#18 · நீலக்கண்ணன்

மைக்கேல் ஜாக்சன் சிலையை விட்டுவிட்டீர்கள்!


#19 · புதுப்பயணி

என்னது?


#20 · நீலக்கண்ணன்

நிஜம். ஜாக்சன் 1999-ல் ஒரு ஆட்டம் பார்க்க வந்தார். அப்போதைய முதலாளி அல் ஃபாயத் 2011-ல் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார். 2013-ல் கிளப் கைமாறியதும் புது முதலாளி எடுத்துவிட்டார். அடுத்த மே மாதம் ஃபுல்ஹாம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. சிலையை எடுத்ததுதான் காரணம் என்று அல் ஃபாயத் சொன்னார். சாமி குத்தம்!


#21 · ஆன்ஃபீல்ட்தாசன்

சரி, நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். 2010 மார்ச் 18, அந்த யூரோப்பா லீக்கில் இத்தாலியின் யுவென்டஸோடு ஆடிய ஆட்டத்தை விடிய விடியப் பார்த்தவன் நான். முதல் ஆட்டம் 3-1 தோல்வி. காட்டேஜில் இரண்டாவது நிமிஷமே யுவென்டஸ் ஒரு கோல். இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் முடிவு, ஆகமொத்தம் 4-1 பின்தங்கல். டிவியை அணைக்கப் போனேன். ஃபுல்ஹாம் திருப்பி நாலு அடித்தது. கடைசியாக டெம்ப்சி பெட்டியின் ஓரத்திலிருந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி விட்டானே, அந்தப் பந்து கீழே இறங்குவதற்குள் நான் சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அலமாரி காலி என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்த இரவு இருக்கிறது.


#22 · பழையபேப்பர்

வாபஸ் வேண்டாம். ஆனால் பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். ஆர்செனலின் ஹைபரியை 2006-ல் மூடி ஃபிளாட் ஆக்கினார்கள். முகப்பு மட்டும் மிச்சம், மைதானம் இருந்த இடத்தில் குடியிருப்பின் தோட்டம். டாட்டன்ஹாமின் ஒயிட் ஹார்ட் லேனை 2017-ல் இடித்தார்கள். 1892-லிருந்து எவர்டன் ஆடிய குடிசன் பார்க்கில் 2025 மே 18-ந் தேதி ஆண்கள் அணி கடைசி ஆட்டம் ஆடியது. அதைப் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்கள், இடிக்கவில்லை, அது ஒன்று ஆறுதல். அங்கே பழைய ஸ்டாண்டின் முகப்பில் லீட்சின் குறுக்கு நெடுக்கு இரும்புச் சட்டம் இருக்கும். மூலையில் ஒரு சர்ச் மைதானத்துக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். லிவர்பூல் பக்கம் போகிறவர்கள் ஆன்ஃபீல்டோடு திரும்பாதீர்கள். நடுவில் ஒரு பூங்காதான், நடந்தே போகலாம். தாசன் கூட்டிப் போவார்.


#23 · ஆன்ஃபீல்ட்தாசன்

எவர்டன் மைதானத்துக்கா, நானா? ...பார்க்கலாம்.


#24 · புதுப்பயணி

இரண்டு வாரம் கழித்து இந்த இழைக்குத் திரும்பி வந்திருக்கிறேன். மெம்பர்ஷிப் எடுத்து, அக்கா சொன்ன மாதிரியே காத்திருந்து வாங்கிவிட்டேன். ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்ட், பின் வரிசை, சனிக்கிழமை, மூன்று மணி! டிக்கெட்டில் 'பார்வை தடைபடலாம்' என்று போட்டிருக்கிறான். அந்த இருக்கையிலிருந்து எப்படித் தெரியும் என்று படம் பார்த்தேன். நட்ட நடுவே தூண். இடது பக்க கோல் சுத்தமாகத் தெரியாது போல. மாற்றிக்கொள்ளலாமா?


#25 · கடைசிபெஞ்ச்

மாற்றாதீர்கள். இடது கோல் என்றால் வலது பக்கம் சாய வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் முன்னாலேயே சாய்ந்திருப்பார், அவர் தோளைப் பார்த்துச் செய்யுங்கள்.


#26 · கொழுந்து

அன்றைக்கு நானும் வருகிறேன் தம்பி, அதே ஸ்டாண்ட். இடைவேளையில் படிக்கட்டுக்குக் கீழே வாங்க, பிளாஸ்கில் நல்ல சாயத் தேத்தண்ணி கொண்டு வாறேன். பால் போட மாட்டேன்.


#27 · டூட்டிங்அக்கா

பிளாஸ்க் உள்ளே விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க. இட்லிக்கு நான் பொறுப்பு.